வண்டிக்கு என்ன வியாதி?

(சற்று நீண்ட பதிவு. வாகனம் வைத்திருப்போரும், கல்லூரிப் பேருந்தில் செல்வோரும், மொழியியல் படிப்போரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

"பேட்டா, இதில் என் வண்டிக்கு என்ன வியாதி என்று எழுதியிருக்கிறது?"

சென்ற மாதம், நான் ஆய்வு செய்யும் வட இந்திய நகரின் எல்லைக்கு வெளியே, ஒரு வாகனச் சோதனை நிலையத்தின் வாசலில் நின்றுகொண்டு சாச்சா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் எங்கள் விடுதிச் சமையற்கூடத்திற்குக் காய்கறி கொண்டுவரும் சிறு சரக்கு வண்டியின் ஓட்டுநர், உரிமையாளரும் அவரே. வண்டிக்கு ஒன்பது வயது. தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டியிருந்தது. "நீ படித்த பிள்ளை, உடன் வா" என்றார். சென்றேன்.

அவர் கையில் இருந்தது ஒற்றைத் தாள் அச்சறிக்கை. முழுவதும் ஆங்கிலம். வரிசையாகச் சோதனைப் பெயர்கள், எதிரே எண்கள், கடைசிக் கட்டத்தில் தேறியது அல்லது தேறவில்லை என்ற சொல். இரண்டு இடங்களில் தேறவில்லை. மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, முனைவர் பட்டத்திற்கு நான்காண்டுகளாக ஆய்வு செய்துவரும் நான், அந்தத் தாளின் ஒவ்வோர் எழுத்தையும் வாசித்தேன். எதையும் அவருக்கு விளக்க முடியவில்லை. 'பிரேக் இம்பேலன்ஸ்' என்றால் என்ன? 'சைடு ஸ்லிப்' என்பதற்கு எதிரே கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று இருந்த எண் எதைக் குறிக்கிறது? வாசிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்று வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லித் தருபவன் நான். அந்த வேறுபாடு என் முகத்திலேயே வந்து அறைந்தது.

முதலில் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். ஏனெனில், படித்தவர்களாகிய நம்மிடையே நான்கு வெவ்வேறு ஆவணங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன: பதிவுச் சான்று, தகுதிச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று, காப்பீடு. மாசுச் சான்று புகையை மட்டுமே பேசுகிறது. பிரேக் பிடிக்காத வண்டியும் மாசுச் சான்று பெற்றுவிட முடியும். வண்டி சாலையில் ஓடத் தகுந்ததா என்பதைச் சொல்வது தகுதிச் சான்று ஒன்றே.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்குகிறது. சரக்கு வண்டி, வாடகை வண்டி, ஆட்டோ, பேருந்து ஆகியன மட்டுமல்ல, கல்வி நிறுவனங்களின் பேருந்துகளும் இந்த வகையில் அடங்கும். புதிய வண்டிக்கு முதலில் ஈராண்டு; எட்டு வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறை; அதன்பின் ஆண்டுதோறும். சான்று இல்லையெனில் என்ன ஆகும்? அந்த வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே 'கருதப்படாது' என்கிறது சட்டம். பதிவு எண் பலகை வண்டியிலேயே இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு அது பதிவில்லாத வண்டி. முதன்முறை பிடிபட்டால் 5,000 ரூபாய் வரை அபராதம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையைப் பெறுவதிலும் சிக்கல் எழும்.

சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர வாகனம், கார் ஆகியவற்றுக்கு முதல் 15 ஆண்டுகளுக்குத் தனியே தகுதிச் சான்று தேவையில்லை. பதிவுச் சான்றே அந்த வேலையையும் செய்கிறது. 15 ஆண்டு முடியும்போது 25ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, வண்டியைச் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். அப்பாவின் பழைய பைக்கை ஊரிலிருந்து ரயிலில் ஏற்றி வளாகத்திற்குக் கொண்டுவந்திருக்கும் நண்பர்கள் இன்றிரவே பதிவுச் சான்றை எடுத்துத் தேதியைப் பார்க்கவும். வேற்று மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கு புதிய பதிவெண் பெற வேண்டும் என்ற 47ஆம் பிரிவும் உங்களுக்காகவே காத்திருக்கிறது.

சட்டத்தை விட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் எந்த ஓட்டுநரும் 'தகுதிச் சான்று பெறப் போகிறேன்' என்று சொல்வதில்லை. 'எஃப்.சி. காட்டப் போகிறேன்' என்பார். காட்டுதல் என்ற வினையைக் கவனியுங்கள். மகாராஷ்டிரத்திலும் இந்தி பேசும் பல பகுதிகளிலும் இதையே 'பாசிங்' என்கிறார்கள். ஓரிடத்தில் காட்டுவது, இன்னோரிடத்தில் தேறுவது; சோதிப்பது என்ற சொல் இரண்டிலும் இல்லை. மக்கள் பேச்சு தான் கண்டதைத்தான் பதிவு செய்யும். நெடுங்காலம் நடந்தது உண்மையில் ஒரு காட்சியே. எஃப்.சி.க்கு முன் வண்டிக்கு வண்ணம் பூசுவது, தட்டி நெளிவெடுப்பது, நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு மறுநாளே கழற்றிக் கொடுப்பது ஆகியன பட்டறைப் பக்கம் வளர்ந்த எவரும் அறிந்தவை. ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வருவார், சற்று ஓட்டச் சொல்வார், கையெழுத்திடுவார். ஆய்வாளரின் கண்ணே கருவி. அந்தக் கண் கூர்மையாகவும் இருக்கலாம், களைத்தும் இருக்கலாம், வேண்டுமென்றே மூடியும் இருக்கலாம்.

அதே மக்கள் அந்த ஆய்வாளருக்கு வைத்திருக்கும் பெயர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. எத்தனையோ உறுப்புகளுள் பிரேக்கை மட்டும் எடுத்து அந்தப் பதவிக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். எது பழுதானால் உயிர் போகும் என்பது அரசாணை வாசிக்காதவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தக் கண்சோதனைக்கு மாற்றாக வந்தவையே தானியங்கிச் சோதனை நிலையங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மத்திய அரசு அறிவிக்கும் நாளுக்குப்பின் இத்தகைய நிலையத்தில் சோதிக்கப்படாத வண்டிக்குத் தகுதிச் சான்று வழங்கலாகாது என்றது. 2021 செப்டம்பரில் இந்நிலையங்களுக்கான விரிவான விதிகள் வந்தன. கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் கட்டாயம் என்று முதலில் அறிவிக்கப்பட்டது, பின்னர் 2024 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. போதிய நிலையங்கள் இல்லாதபோது வேறு வழியுமில்லை.

நிலையத்தினுள் நடப்பது இதுதான். வண்டியின் சக்கரங்கள் உருளைகளின்மேல் ஏறி நிற்கும். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிரேக் விசை தருகிறது என்பதை உருளை அளக்கும். ஒரு தகட்டின்மேல் உருண்டு செல்லும்போது சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு நழுவுகிறது என்பது பதிவாகும். வேகங்காட்டி காட்டுவது மெய்தானா, முகப்பு விளக்கின் ஒளி எங்கே விழுகிறது, புகையின் அடர்த்தி என்ன, ஸ்டீயரிங் மூட்டுகளில் ஆட்டம் உள்ளதா, ஹாரனின் ஒலியளவு என்ன ஆகிய அனைத்தும் கருவியால் அளக்கப்படுகின்றன. அடிச்சட்டம், துடைப்பான், ஒளிதிருப்பு நாடா போன்றவை மட்டும் இன்னமும் கண்ணால் பார்க்கப்படுகின்றன. சோதனை நிலையம் நடத்துபவர் பழுதுநீக்கும் தொழிலோ, வாகன அல்லது உதிரிபாக விற்பனையோ செய்யலாகாது என்பது விதி. நோயைக் கண்டறிபவரே மருந்துக்கடையும் வைத்திருக்கக் கூடாது என்ற நல்ல ஏற்பாடு இது.

இங்கே என் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நம் வளாக விவாதங்களில் இத்தகைய சோதனைகளை ஏழை ஓட்டுநர் மீதான இன்னொரு வதை என்று மட்டும் பேசிக் கடந்துவிடும் வழக்கம் இருக்கிறது. நான் அதில் உடன்படவில்லை. பழுதான பிரேக்கால் முதலில் சாகக்கூடியவர் அந்த ஓட்டுநர். அடுத்து, நடைபாதை இல்லாத சாலையின் ஓரத்தில் நடப்பவர், மிதிவண்டியில் செல்பவர், பள்ளிப் பிள்ளை. இவர்களில் எவரும் செல்வந்தர் அல்லர். கருவியால் சோதிப்பது வேண்டும். உறுதியாக வேண்டும்.

என் குறை வேறு. கருவி கண்டறிந்ததை, வண்டியை ஓட்டுபவருக்கு நாம் சொல்லவில்லை.

வாசலுக்குத் திரும்புகிறேன். என்னால் விளக்க முடியாததால், நிலையத்திற்கு வெளியே இருந்த ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து கைப்பேசியில் தேடித் தேடி வாசித்தேன். ஓர் அச்சின் இடச்சக்கரமும் வலச்சக்கரமும் தரும் பிரேக் விசைகளுக்கு இடையே உள்ள வேறுபாடே அந்த 'இம்பேலன்ஸ்'. பின் அச்சில் வலச்சக்கரத்தின் விசை மிகக் குறைந்திருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சாச்சா சிரித்துவிட்டார்.

"இடப்பக்கம் இழுக்கிறது என்கிறாயா? அது ஒரு வருடமாகவே இழுக்கிறதே. பிரேக் போடும்போது ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்துக்கொள்வேன். கை பழகிவிட்டது."

கை பழகிவிட்டது. ஓராண்டாக, ஒருபுறம் இழுக்கும் வண்டியைக் கையின் பழக்கத்தால் நேரே செலுத்திக்கொண்டு, அரை டன் காய்கறியுடன் இரண்டு பள்ளிகளின் வாசலைக் கடந்து அவர் தினமும் எங்கள் விடுதிக்கு வந்துகொண்டிருந்தார். நோய் அவருக்குத் தெரியும். அது நோய் என்பதுதான் தெரியாது. அறிக்கையோ நோயை அறிந்திருந்தது. நோயாளியின் மொழியை அறியவில்லை. இருவருக்கும் தெரிந்தது ஒரே செய்தி. இடையில் நின்றது ஒரு சொல்.

இது மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டுமன்று. ஒரு சான்றிதழ் இருவகைச் செயல்களைச் செய்கிறது. ஒன்று, அறிவிப்பது: 'இவ்வண்டி விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது' என்று அதிகாரம் அறிவித்ததும் வண்டியின் சட்டநிலை மாறுகிறது. சொல்லே செயலாகும் இத்தகைய கூற்றுகளைப் பற்றி ஆஸ்டின் எழுதியதை நம் துறையில் முதல் பருவத்திலேயே படிக்கிறோம். மற்றொன்று, தெரிவிப்பது: வண்டியின் நிலை என்ன, எதைச் செய்தால் அது சீராகும் என்று உரியவருக்குச் சொல்வது. நம் சோதனை அறிக்கை முதற்செயலை மிகச் சரியாகச் செய்கிறது. இரண்டாவதைத் தன் வேலையாகவே அது எண்ணவில்லை. கருவி வந்தபின்னும் 'பாசிங்' என்ற சொல் மறையாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தேறியதா, இல்லையா என்பதற்குமேல் ஓட்டுநருக்கு அங்கே எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே, தேற வைத்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர் வாசலிலேயே நிற்கிறார். அன்றும் நின்றார். சாச்சாவின் மொழியில் பேசிய ஒரே ஆள் அங்கு அவர்தான்.

இரண்டாவது குறை தொலைவு. புறப்படுவதற்கு முந்தைய நாள், அருகில் உள்ள நிலையம் எது என்று அறிய, 'பிட்னஸ் சென்டர்' என்று கைப்பேசியில் தேடினேன். உடற்பயிற்சிக் கூடங்களாக வரிசையில் வந்து நின்றன. சிரித்துவிட்டோம். ஆனால் சரியான நிலையத்தைக் கண்டுபிடித்து, இணையத்தில் நேரம் பதிவு செய்து, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் சென்று, திரும்பி, பழுது நீக்கி, மீண்டும் சென்றதில் சாச்சாவுக்கு நான்கு நாள் கூலி போயிற்று. சோதனைத் தடத்திற்குப் பெரிய நிலம் வேண்டும். நிலம் ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். இது எனக்குப் புரிகிறது. ஆனால் சான்று காலாவதியான ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று விதி வகுக்கும் அரசு, நிலையத்தின் தொலைவையும் காத்திருக்கும் நாள்களையும் யார் கணக்கில் எழுதுகிறது?

மூன்றாவது, வயது. தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் தில்லியில் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே இல்லை என்று தொடங்கி, எதிர்ப்பு எழவே, சில நாள்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாக வைத்துக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று நீதிமன்றம் கூறியது. டிசம்பரில் அந்தக் காப்பை பிஎஸ்-4 முதலான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. தில்லியின் காற்றை நினைத்தால் இந்த விவாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் காற்று மாசு வேறு, சாலைத் தகுதி வேறு. வயது எண்ணுவதற்கு எளிது. ஆதலால் அரசுகள் அதை விரும்புகின்றன. பராமரிக்கப்பட்ட பதினாறு வயது வண்டியையும் பராமரிக்கப்படாத ஆறு வயது வண்டியையும் வேறுபடுத்திக் காட்டக்கூடிய கருவியை இவ்வளவு செலவில் நிறுவிவிட்டு, பிறந்த தேதியைக் கொண்டே தீர்ப்பெழுதுவது அந்தக் கருவிக்கே இழைக்கும் அநீதி.

எதிர்வாதம் ஒன்றை நண்பர் ஒருவர் முன்வைத்தார்: "தாளை மொழிபெயர்த்துவிட்டால் பிரேக் சரியாகிவிடுமா? ஓட்டுநர் எப்படியும் மெக்கானிக்கிடம்தானே போவார்?" போவார். ஆனால் என்ன சொல்லிப் போவார்? 'ஃபெயில் ஆகிவிட்டது, தேற வைத்துக் கொடு' என்று போவதற்கும், 'பின்பக்க வலச்சக்கரம் பிரேக் பிடிக்கவில்லை, பார்' என்று போவதற்கும் இடையே பணத்திலும் பாதுகாப்பிலும் பெருத்த வேறுபாடு உண்டு. முதலாமவரிடம் எதை மாற்றினாலும் பில் போடலாம். இரண்டாமவரை ஏமாற்றுவது கடினம். முடிவில் உடன்பாடு இல்லாதவர் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது விதி. தான் எதில் தவறினோம் என்றே அறியாதவர் எதை எதிர்த்து முறையிடுவார்? தொடர்ந்து தேறாத வண்டி ஆயுள் முடிந்ததாக அறிவிக்கப்படும் வாய்ப்பும் இருக்கையில், ஒரு குடும்பத்தின் பிழைப்பு அந்தத் தாளின் கட்டங்களுக்குள் இருக்கிறது.

பிரிட்டனில் 1960 முதல் ஆண்டுச் சோதனை நடைமுறையில் இருக்கிறது. 2018 மே மாதம் முதல் அங்கே குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று வகைப்படுத்தி எழுதுகிறார்கள். இவையன்றி, 'இப்போது தேறிவிட்டது, ஆனால் இந்த டயர் விரைவில் மாற்ற வேண்டியிருக்கும்' என்பது போன்ற அறிவுரைக் குறிப்பும் உண்டு. தீர்ப்புக்கும் அறிவுரைக்கும் ஒரே தாளில் இடம் கொடுக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நான் கேட்பவை மூன்று.

1. சோதனை அறிக்கை ஆங்கிலத்துடன் மாநில மொழியிலும், ஓட்டுநர் கோரும் மொழியிலும் தரப்பட வேண்டும். சோதனைப் பெயரை எழுத்துப்பெயர்த்தால் போதாது. எந்தச் சக்கரம், என்ன குறை, ஓட்டும்போது அது எப்படித் தெரியும் என்று ஒரு வரி வேண்டும். முடிவுகள் ஏற்கெனவே கணினியில்தான் உருவாகின்றன. வரி சேர்ப்பது பெருஞ்செலவன்று.

2. உடனே நிறுத்த வேண்டிய குறை, விரைவில் நீக்க வேண்டிய குறை, கவனிக்க வேண்டிய குறை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். விளக்கின் கோணமும் பிரேக்கும் ஒரே 'தேறவில்லை' ஆகக் கூடாது.

3. நிலையம் எவ்வளவு தொலைவில், எத்தனை நாள் காத்திருப்பு என்பதைப் பொறுத்துக் காலாவதிக் கட்டணத்திலிருந்து விலக்கு வேண்டும். நேரம் பதிவு செய்தவர் காத்திருக்கும் நாள்களுக்கு அபராதம் கட்டுவது முறையன்று.

முதற்கோரிக்கையில் நம் துறைக்கும் வேலை இருக்கிறது. கலைச்சொல்லாக்கம் என்றதும் நாம் அறைக்குள் அமர்ந்து வேர்ச்சொல் தேடுகிறோம். 'பிரேக் இம்பேலன்ஸ்' என்பதற்கு 'தடைவிசைச் சமனின்மை' என்று நானும் ஒரு நொடியில் ஆக்கிவிடுவேன். சாச்சாவின் தமிழ்நாட்டுத் தோழர் ஒருவருக்கு அதைக் கொடுத்தால், ஆங்கிலத் தாளைப் பார்த்து விழித்ததைப் போலவே இதையும் பார்த்து விழிப்பார். பட்டறையில் அதற்குச் சொல் இருக்கிறது: 'பிரேக் ஒரு பக்கம் இழுக்குது'. அது சொல்லாக இல்லாமல் தொடராக இருப்பதனால் அகராதிக்கு ஆகாதது என்று ஒதுக்கிவிட்டோம். அறிக்கைக்கு அதுவே போதுமானது.

சாச்சாவின் வண்டியில், வலச்சக்கரத்தின் வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஆயில் லைனரில் இறங்கியிருந்தது. இரண்டையும் மாற்றினார்கள். மறுசோதனையில் வண்டி தேறிவிட்டது. மறுநாள் விடுதி வாசலில் காய்கறி இறக்கும்போது சொன்னார்: "இப்போதும் பிரேக் போட்டால் கை தானாக வலப்பக்கம் போகிறது, பேட்டா. அதை மறக்க வைக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பட்டறையில் வீல் அலைன்மென்ட் கெட்டுப்போனதை என்னவென்று சொல்கிறார்கள்? ஸ்டீயரிங் மூட்டு ஆடுவதற்கு, லைனர் தேய்ந்ததற்கு, டயர் ஒருபக்கம் தின்பதற்கு? எந்த மொழியாயினும், கேட்டதைக் கேட்டபடியே, ஊர்ப்பெயருடன் கருத்துப்பெட்டியில் எழுதுங்கள். தொகுத்து, சோதனைப் பட்டியலின் வரிசையில் அடுக்கி, மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு அனுப்ப எண்ணியிருக்கிறேன். அப்படியே, நீங்கள் தினமும் ஏறும் கல்லூரிப் பேருந்தின் தகுதிச் சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.